சூடு ஆறாத கவர்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் என் இடது காதைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

மேல் பாதி கருகிச் சுருங்கித் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. பாலிஷ் மெஷினில் அடிபட்டது என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். என் மனைவி பிரிசில்லாவிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய். நடந்தது வேறு. 2002-ம் வருஷம், கார்த்திகை அமாவாசை, மத்தியானம் மூன்று மணி. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என் பெயர் ஞானதாஸ். மாமல்லபுரத்தை ஒட்டிப் பூஞ்சேரியில் பாலிஷ் பட்டறை வைத்திருந்தேன். குத்துவிளக்கிலும் எவர்சில்வர் அண்டாவிலும் ஆரம்பித்தவன், பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களின் இன்ஜின் கவர்களுக்கு வந்து சேர்ந்தேன். ஜாவா, எஸ்டி, புல்லட். பக்கத்தில் அணுமின் நிலையத்தாரின் அணுபுரம் குடியிருப்பில் சம்பளக்காரர்களுக்குப் பழைய வண்டிப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. அவர்கள் புண்ணியத்தில் பிழைப்பு ஓடியது. வேலையை முடித்துக் கையில் கொடுத்தால், அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டு, “க்ரோமா?” என்று கேட்பார்கள். அலுமினியம்டா சாமி, அலுமினியம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சிரித்து வைப்பேன்.

ஜோயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரிசில்லாவின் தம்பி. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட்டார்கள், அக்காதான் வளர்த்தாள். அணுபுரத்தில் காண்ட்ராக்டில் எலக்ட்ரிக் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் நேராக என் பட்டறைதான். எனக்கு உதவி செய்கிறேன் என்பான். உண்மையில் அவன் வந்தது அவனுடைய ஜாவாவுக்காக. காயலான் கடைகளில் துண்டு துண்டாகப் பொறுக்கி, ஒரு வருஷமாகப் பட்டறை மூலையில் ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு அக்காவைப் பின்னால் உட்கார வைத்துச் சர்ச்சுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. எல்லாம் சேர்ந்துவிட்டது. இடது பக்கக் கவர் மட்டும் பாக்கி. என் கையிருப்பில் அதே மாடலில் ஒன்று இருந்தது. அது உனக்குத்தான் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பிரிசில்லாவுக்கு அந்த வண்டியை நினைத்தாலே பயம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “எனக்குன்னு கீறது அவன் ஒருத்தன்தான். உன்ன நம்பித்தான் வுட்டுகினு கீறேன்.”

நான் தலையாட்டினேன்.

நவம்பர் கடைசியில் சதாசிவம் சார் வந்தார். அணுபுரத்தில் பெரிய வேலையில் இருப்பவர். அவர் மாமனாருடைய ஜாவா அவர் கைக்கு வந்திருந்தது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, இடது பக்கக் கவரை மட்டும் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். பளபளப்பு முக்கியமில்லை, நிலைக்க வேண்டும் என்றார். விவரமான மனுஷன்.

கடல் காற்றில் வெறும் அலுமினியம் பதினைந்து நாள் தாங்காது. உப்பு பூக்கும். முதலில் வெள்ளையாகப் புள்ளி வரும், அப்புறம் அதுவே குழியாகும். அதனால் பாலிஷுக்கு மேல் லேக்கர் அடிப்போம். கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். கடைசியாகத் தின்னர் போட்டுத் துடைத்த பிறகு வெறுங்கை படக் கூடாது. பட்டால் வியர்வை லேக்கருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இரண்டே நாளில் விரல் ரேகை வெள்ளை வெளேரென்று மேலே தெரியும்.

கவரைக் கையில் வாங்கினால் வண்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடலாம். ஒரு தடவை விழுந்த வண்டி என்றாலும் விளிம்பில் தார் ரோடு கீறிய கோடு இருக்கும். சதாசிவம் சார் கொடுத்த கவரில் உப்புக் குழிகள் இருந்தன. கீறல் ஒன்றுகூட இல்லை. விழாத வண்டி என்று ஜோயலிடம் காட்டினேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒரே மாடல் கவர்கள் கலந்துவிடாமல் இருக்க உள்பக்கம் புள்ளி குத்தி வைப்பது என் வழக்கம். அதற்கு மூன்று புள்ளி குத்தினேன். உப்புத் தாள் தேய்த்து, பஃப் வீல் என்கிற சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்தேன். வீலில் பிடித்தால் கவர் சுடும். கையுறை இல்லாமல் தொட முடியாது. கம்பியில் மாட்டிவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் ஆறிவிடும். அலுமினியத்தின் குணம் அது.

டீ குடித்துவிட்டு வந்தேன். சுட்டது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அப்போதும் சுட்டது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்திய வண்டியின் சூடு.

ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க மேகமூட்டம் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. சாயங்காலம் கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தது. லேக்கர் அடித்து மாட்டிவிட்டுப் போனேன்.

காலையில் லேக்கருக்கு அடியில் வெள்ளையாக ஒரு கறை. உள்ளங்கை அகலம் இருக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜோயலைப் பிடித்துத் திட்டினேன். கவரைத் தொட்டு என் உழைப்பைப் பாழாக்கிவிட்டாய் என்றேன். நேற்று நைட் ஷிஃப்ட், பட்டறைப் பக்கமே வரவில்லை என்றான். பொய் சொல்கிற பையன் இல்லை அவன். ஆனாலும் திட்டினேன்.

லேக்கரை உரித்தேன். மறுபடி தேய்த்தேன். மறுபடி பாலிஷ். மறுபடி தின்னர். இந்தத் தடவை பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

காலையில் அதே இடத்தில் அதே கறை. முன்னைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு வளைவு… அதற்குள் இன்னொரு வளைவு… உள்ளே ஒரு சுழி. ரேகை இல்லை. கை இல்லை. என்னவென்று பிடிபடவில்லை. கம்பியில் மாட்டுவதற்காகக் கவரை நிமிர்த்திப் பிடித்தேன்.

காது.

ஒரு மனிதக் காது. யாரோ கவர்மேல் தலை சாய்த்துப் படுத்து எழுந்த மாதிரி. கீழே சதைப் பகுதியில் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி, மிளகு அளவில். அதை உப்புக் குழி என்று நினைத்தேன்.

அன்று அமாவாசை. சுற்றிலும் சிற்பப் பட்டறைகள். அமாவாசை அன்று அவர்கள் உளியைத் தொட மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து காதைத் துளைக்கும் சத்தம். அன்று மட்டும் தெரு செத்துக் கிடக்கும். எங்களுக்கு அமாவாசை கணக்குக் கிடையாது. தொந்தரவில்லாமல் வேலை பார்க்கலாம் என்று தனியாக வந்திருந்தேன். ஜோயல் வேலைக்குப் போயிருந்தான். காலையில் பெய்த மழை விட்டிருந்தது.

லேக்கரை உரித்தேன். கறை போகவில்லை. அது லேக்கரில் இல்லை, உலோகத்திலேயே இருந்தது. வீலில் பிடித்தேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போனது. வீல் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. கவரைக் கம்பியில் மாட்டினேன்.

அமைதி.

டிக்…

நான் திரும்பிப் பார்த்தேன்.

டிக்… டிக்…

வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் அந்தச் சத்தம் தெரியும். தூரம் போய்விட்டு வந்து நிறுத்தினால், சூடு இறங்க இறங்க இன்ஜின் போடும் சத்தம். ஆனால் இங்கே இன்ஜின் எங்கே? அது அணுபுரத்தில் சதாசிவம் சார் வீட்டில் இருக்கிறது. இங்கே கம்பியில் தொங்குவது வெறும் மூடி.

டிக்…

ஜோயல் கட்டிய வண்டியாக இருக்குமோ என்று மூலைக்குப் போனேன். அதில் பெட்ரோலே இல்லை. தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

டிக்… டிக்…

கவர்தான்.

அப்போது நான் செய்ததை எங்கள் தொழிலில் இருப்பவன்தான் செய்வான். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பான். இன்ஜினில் சத்தம் என்றால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கக் காதை வைத்துக் கேட்பது எங்கள் பழக்கம். யோசிக்காமல் செய்துவிடுவோம். கவரைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். குனிந்தேன். என் இடது காதை அதன்மேல் வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

மழைச் சத்தம் கேட்டது.

வெளியே மழை இல்லை. கவருக்குள் கேட்டது. தகரத்தின்மேல் பெய்வது போல… அதற்குள் ஒரு மூச்சு. இழுத்து… இழுத்து…

பிறகு குரல். வாயில் தண்ணீர் நிரம்பியவன் பேசுவது மாதிரி.

“தூக்கு… வண்டியத் தூக்கு மாமா…”



“கேக்குதா…”

தெருவில் பாதிப் பேர் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“கேக்குது… யாருடா நீ?”

மூச்சு நின்றது.

மழை மட்டும் கேட்டது.

அடுத்த நொடி கவர் கொதித்தது. தலையை எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. காது ஒட்டிக்கொண்டது.

தோல் கருகும் வாடை…

பிய்த்துக்கொண்டு பின்னால் விழுந்தேன்.

எழுந்தபோது கரண்ட் வந்திருந்தது. வீல் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கவரைக் கையுறை போட்டுத் தொட்டேன். பிறகு வெறுங்கையால் தொட்டேன். முதல் தடவையாக ஜில்லென்று இருந்தது. கறையும் இல்லை. அத்தனை சுத்தமான பாலிஷ் என் வாழ்நாளில் என் கையிலிருந்து வந்ததில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குரல் கேட்டதையும் சொல்லவில்லை, நான் பதில் பேசியதையும் சொல்லவில்லை. சொன்னால் ஜோயல் சிரிப்பான். பிரிசில்லா பாஸ்டரைக் கூட்டிவந்து பட்டறையில் ஜெபம் வைப்பாள். வேலை பார்க்கும்போது வீலிலிருந்து கவர் எகிறி அடித்துவிட்டது என்றேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அந்தக் கவரைச் சதாசிவம் சாரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தொழிலில் மாற்றுக் கவர் கொடுப்பது சகஜம். வந்தது சரிப்படாவிட்டால் கையிருப்பில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, வந்ததை எடுத்துக்கொள்வோம். ஜோயலுக்கென்று வைத்திருந்ததைப் பாலிஷ் போட்டு, லேக்கர் அடித்து அவரிடம் கொடுத்தேன். மெதுவாக விசாரித்தேன். இந்த வண்டியில் யாராவது அடிபட்டார்களா, யாராவது செத்தார்களா?

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “விழுந்ததே கிடையாது ஞானதாஸ். மாமனார் ஒருத்தர்தான் ஓட்டினார். அவரும் திருச்சியில நல்லா இருக்கார். கண்ணு சரியா தெரியலைன்னு என்கிட்ட கொடுத்தார், அவ்வளவுதான்.”

மறைக்கிறார் என்று நினைத்தேன். என் கையால் தேய்த்த கவர். கீறல் இல்லாத கவர். அதை நம்பாமல், அந்த மனுஷன் பொய் சொல்கிறார் என்று நம்பினேன்.

ஜோயலுக்கு முகம் விழுந்துவிட்டது. “இன்னா மாமா, எனக்குன்னு சொல்லிகினு இருந்தியே. அதையும் தூக்கிக் குடுத்துட்டியா?” பொங்கலுக்குள் வேறு பார்த்துத் தருகிறேன் என்றேன். மேஜைக்கு அடியில் கிடந்த மூன்று புள்ளிக் கவரைக் காட்டி, காயலான் கடைச் சாக்கில் போடச் சொன்னேன். ஏன், நல்லாத்தானே கீது என்றான். வார்ப்பில் ஓட்டை, ஆயில் நிற்காது என்றேன். எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். இடது காதில் வெள்ளித் தோடு. அப்போது பையன்களுக்கு அதுதான் மோஸ்தர். பிரிசில்லா கரண்டியோடு துரத்தினாள். கிறிஸ்துமஸுக்கு நீதான் கல்யாணப் பெண்ணா என்று நானும் கிண்டல் செய்தேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். குத்தின இடம் சிவந்திருந்தது. காதின் கீழ்ச் சதையில் மிளகு அளவில் ஒரு புள்ளியாக அந்தத் தோடு.

என் கட்டுக்குள் காது விண்ணென்று தெறித்தது. புண் ஆறுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

டிசம்பர் 21, சனிக்கிழமை. எனக்குக் காய்ச்சல், பட்டறைக்குப் போகவில்லை. மத்தியானம் ஜோயல் பட்டறைச் சாவி வாங்க வந்தான். அக்கா காதில் விழாமல், சாயங்காலம் வாசலில் வந்து நில்லு மாமா, ஒன்று காட்டுகிறேன் என்றான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது.

நான்கரைக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்காரர் ஓடிவந்தார்.

மணமை தாண்டிச் சவுக்குத் தோப்பு ஓரம். நாய் குறுக்கே வந்ததோ, ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கியதோ தெரியாது. விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில் இறங்கி, அவன்மேல் கிடந்தது. இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலை இன்ஜினுக்கு அடியில். ஆள் சேர்ந்து தூக்கும்போது உயிர் இருந்தது. செங்கல்பட்டு போகிற வழியில் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். இடது காது இல்லை. அந்த இடம் கருகிப்போய் இருந்தது. நான் என் காதின் கட்டைத் தொட்டேன்.

பிரிசில்லா அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ரெடி ஆவாத வண்டி எப்படி ரோட்டுக்கு வந்துச்சு?”

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் பார்த்தேன். இடது பக்கக் கவர் ஸ்க்ரூ உடைந்து பாதி தொங்கியது. விளிம்பெல்லாம் தார் ரோடு கீறிய கோடுகள். நடுவில் அதே வெள்ளைக் கறையாக ஒரு காது. கீழ்ச் சதையில் ஒரு கறுப்புப் புள்ளி. எனக்கு உள்ளே பார்க்கத் தைரியம் இல்லை. விரலை மட்டும் விட்டுத் தடவினேன்.

மூன்று புள்ளி.

அவன் சாக்கில் போடவில்லை. இவ்வளவு நன்றாக மின்னுவதை எவன் தூக்கிப் போடுவான்? ஆயில் ஊற்றிப் பார்த்திருப்பான். ஒழுகியிருக்காது. மாமாவுக்குத் தெரியாமல் மாட்டி, மாமாவையே அசத்தலாம் என்று நினைத்திருப்பான்.

சதாசிவம் சார் பொய் சொல்லவில்லை. அந்தக் கவரில் செத்தவர் யாரும் இல்லை. அதுவரை இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டில் ஜெபம் நடந்தது. முடிகிற நேரத்தில் ஒரு வயதான அம்மாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். மணமையில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் செங்கம்மாள். ஜோயலை முதலில் பார்த்தது அவள்தான். ஒண்டி ஆளாக வண்டியைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. போன வண்டிகள் எதுவும் மழையில் நிற்கவில்லை. கோணிப்பையை அவன்மேல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தப் பிள்ளைக்கு மாமா யார் என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

“இஞ்சினு மேல காத வெச்சிகினு பேசிகினே இருந்தான் நைனா. வண்டியத் தூக்கு மாமா, கேக்குதா, கேக்குதான்னு. புத்தி கலங்கிப்போச்சுன்னு நெனச்சேன்.”

பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பறம் சிரிச்சான். மாமாவுக்குக் கேட்டுடுச்சு ஆயா, கேக்குதுன்னு சொல்றாருன்னான்.”



“கொஞ்ச நேரத்துல மூஞ்சி மாறிப்போச்சு. என்னாண்ட திரும்பப் பாத்தான், தல திரும்பல. யாருடா நீன்னு கேக்குறாரு ஆயா… என் குரல் அவருக்குத் தெரியலன்னான்.”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கு மேல அவன் யாரையும் கூப்புடல நைனா.”